கட்டைப் படகா, வட்டப் படகா, சறுக்குக் குழாயா: 44 பேருக்கு ஒரு கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு பழக்கம் உண்டு. பள்ளி விடுமுறையில் ஒரு நாள் பேருந்து பிடித்து, புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, எல்லாரும் எங்காவது போய் வருவோம். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் லோரியின் பின்னால் பலகை போட்டு உட்கார்ந்து போனதின் தொடர்ச்சி இது. பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், லயத்தை இடித்தார்கள், நாங்கள் மலிவு வீட்டுக்கு வந்தோம். லோரி மட்டும் ஏர்கோன் பேருந்தாக மாறியது.

இந்த வருடம் தண்ணீர் விளையாட்டு என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்தத் தண்ணீர் என்பதில்தான் கோயில் மண்டபத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. பையன்களுக்குச் சறுக்குக் குழாய் வேண்டும். பெண்பிள்ளைகளில் பாதிப் பேர், வட்டமான ரப்பர் படகில் சுற்றிக்கொண்டே போகும் சவாரிதான் என்றார்கள். சின்னக் குழந்தைகள் கைபேசியில் பார்த்த மரக்கட்டைப் படகை விடுவதாக இல்லை. பொருளாளர், "எதுக்கு வீண் காசு? உலு செப்போர் போய் ஆத்துல குளிச்சிட்டு வந்துடலாம்" என்றார். அவர் பொருளாளர், அப்படித்தான் சொல்வார்.

கடைசியில் ஒரு தம்பி என்னைக் கைகாட்டினான். "அங்கிள் முப்பது வருஷம் செம்பனை மில்லுல பம்பும் கன்வேயரும் பார்த்தவரு. அவரையே கேப்போம்." அப்படி என் தலையில் கட்டிய வேலை இது.

முதலில் ஆள் கணக்கு. பேருந்தில் 44 இருக்கை. பத்து வயதுக்குள் 11 பேர், பதின்ம வயதில் 9 பேர், அறுபதைத் தாண்டியவர்கள் 8 பேர், மிச்சம் 16 பேர் நடுவயதுக்காரர்கள். நீந்தத் தெரியும் என்று கை தூக்கியவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் பொய் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும்.

பிள்ளைகள் கட்டைப் படகு என்று சொல்வது லாக் ஃப்ளூம். அடிமரத்தைக் குடைந்தாற்போலச் செய்த படகு, ஆனால் உள்ளே ஃபைபர் கிளாஸ்தான். நாலைந்து பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். குறுகிய வாய்க்காலில் ஆடி அசைந்து போகும், இரண்டு மூன்று வளைவு திரும்பும், ஒரு பெல்ட்டில் ஏறும், உச்சியில் ஒரு மூச்சு தயங்கும், அப்புறம் சர்ரென்று சரிவில் இறங்கி அடியில் உள்ள நீரில் மோதித் தண்ணீரை இரண்டு பக்கமும் வாரி அடிக்கும். அவ்வளவுதான். சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

படகில் இஞ்சின் கிடையாது, சுக்கானும் கிடையாது. அப்படியானால் ஓட்டுவது யார் என்று கேட்டால், கிந்தா பள்ளத்தாக்கில் வயதானவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: பாலோங். ஈய லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைப்பார்கள். அந்தச் சேற்றுத் தண்ணீரைப் பம்பு உயரே தள்ளும். மரக்கால்களில் நிற்கும் நீளமான சாய்வு வாய்க்காலில் அது இறங்கி வரும்போது மண் அடித்துக்கொண்டு போகும், கனமான ஈயம் குறுக்குக் கட்டைகளில் தங்கும். அந்த வாய்க்கால்தான் பாலோங். கட்டைப் படகின் சூத்திரமும் அதேதான். பம்பு தண்ணீரை மேலே ஏற்றுகிறது, கீழே கொண்டுவருவதைப் பூமி பார்த்துக்கொள்கிறது. மண்ணுக்குப் பதில் நம் பிள்ளைகள் இறங்கி வருகிறார்கள்.

கீழே ஒரு குளம் இருக்கும். அதுதான் மொத்த நீருக்கும் கிடங்கு. பம்பு ஓடும் வரை வாய்க்காலில் தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். பம்பை நிறுத்தினால் எல்லாம் வடிந்து குளத்துக்கு வந்துவிடும், படகுகள் வாய்க்கால் தரையில் உட்கார்ந்துவிடும். வாய்க்கால் படகைவிடக் கொஞ்சம்தான் அகலம். பக்கச் சுவரில் இடிக்காமல் இருக்கப் படகின் ஓரங்களில் சின்னச் சக்கரம் வைத்திருப்பார்கள். அதனால் படகு புரளாது, திரும்பிக்கொள்ளாது, வழி மாறாது. உள்ளே இருப்பவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: கையை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. எட்டுப் பேர் அறுபதைத் தாண்டிய கூட்டத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

சவாரியின் பெரும்பகுதி ஏன் தரையை ஒட்டியே போகிறது என்று ஒரு பையன் கேட்டான். கரண்ட் பில்தான் காரணம். விநாடிக்கு 1,000 லிட்டர் தண்ணீரை 3 மீட்டர் உயர்த்த வேண்டுமென்றால் சுமார் 30 கிலோவாட் வேண்டும், பம்பின் இழப்பையும் சேர்த்தால் 40 பக்கம் வந்துவிடும். உயரம் இரட்டித்தால் செலவும் இரட்டிக்கும். அதனால் வாய்க்காலைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, உச்சிக்குப் படகை மட்டும் பெல்ட்டில் ஏற்றுவார்கள். மேலே கொஞ்சம் தண்ணீர் மட்டும் தனியாக அனுப்பினால் போதும். எங்கள் மில்லில் செம்பனைக் குலையைக் கன்வேயரில் ஏற்றிய அதே கணக்கு.

சரிவில் இறங்கும்போது படகு மிதப்பதில்லை. அங்கே ஓடுவது மெல்லிய நீர்ப்படலம்தான். பெரும்பாலான படகுகள் அடிச்சக்கரத்தில் உருண்டு இறங்குகின்றன. 10 மீட்டர் இறக்கம் என்றால், உராய்வைக் கழிக்காமல் பார்த்தால் அடியில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். பயமுறுத்தும் எண்தான். ஆனால் அந்த வேகம் ஒரு கணம்தான் நிற்கும், ஏனென்றால் கீழே உள்ள தண்ணீர்தான் பிரேக். மூக்கு நீரில் குத்தியதும் படகின் வேகமெல்லாம் அலையாக மாறி வெளியே தெறிக்கிறது. நாம் கூச்சல் போடுவது அந்த பிரேக்குக்குத்தான். படகு கனமாக இருந்தால், முக்கியமாக முன்பக்கம் கனமாக இருந்தால், மூக்கு ஆழமாக இறங்கும், அலையும் பெரிதாக எழும். இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த விளையாட்டு பிறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குப் பேருந்தில் சொல்ல உதவும். அமெரிக்காவின் மேற்குப் பக்க மலைகளில் வெட்டிய மரத்தைக் கீழே உள்ள ஊருக்கு அனுப்ப, பலகையால் நீர் வாய்க்கால் கட்டினார்கள். கலிபோர்னியாவில் சாங்கர் என்ற ஊருக்கு இறங்கிய ஒன்று 80 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். தொழிலாளிகள் சில நேரம் அதில் தொட்டி மாதிரி ஒரு படகைப் போட்டு ஏறி வந்துவிடுவார்கள். 1875-இல் நெவாடாவில் ஃபிளட், ஃபேர் என்ற இரண்டு வெள்ளிச் சுரங்கப் பணக்காரர்கள் ஒரு பத்திரிகை நிருபரோடு இப்படி ஏறினார்கள். 24 கிலோமீட்டரை அரை மணி நேரத்துக்குச் சற்று மேலான நேரத்தில் கடந்து, உயிர் பிழைத்தது போதும் என்று இறங்கினார்கள். அந்த அனுபவத்தைப் பயமில்லாமல் காசுக்கு விற்கலாம் என்று ஆரோ டெவலப்மென்ட் என்ற நிறுவனம் 1963-இல் டெக்சாஸ் மாநிலத்து சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காவில் முதல் லாக் ஃப்ளூமைக் கட்டியது. மரம் வெட்டுகிறவனின் வேலைச் சாமான் இப்படித்தான் விளையாட்டுச் சாமான் ஆனது. நாளைக்கு யாராவது பால் வாளியையும் வெட்டுக் கத்தியையும் வைத்து ஒரு சவாரி செய்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

நம் ஊர்க்காரர்களில் பலருக்கு முதல் ஃப்ளூம் கெந்திங் மலைதான். பழைய வெளிப்புறப் பூங்காவில் சுங்கை ரெஜாங் என்று சரவாக் மாநிலத்து ஆறு ஒன்றின் பெயரையே வைத்திருந்தார்கள். பொருத்தமான பெயர், அந்த ஆற்றில் மரம் மிதந்து வந்தது உண்மைதானே. ஆனால் கடல் மட்டத்துக்கு 1,800 மீட்டர் பக்கம் உயரத்தில் நனைந்துவிட்டுப் பனிக்காற்றில் நிற்பது வேறு விஷயம். பல் தந்தியடித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பூங்கா 2013-இல் மூடி, 2022-இல் கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் புதிதாகத் திறந்தது. தண்ணீர் விளையாட்டுக்கு மலை உச்சி வேண்டாம் என்பது என் முடிவு. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு பூங்காவில், எந்த ஊர் என்று வேண்டாம், எங்கள் படகு பெல்ட்டில் பாதி ஏறி நின்றுவிட்டது. பத்து நிமிடம். பேத்தி அழுகிறாள், என் வீட்டுக்காரி முருகனைக் கூப்பிடுகிறாள். காரணம் என்ன தெரியுமா? கீழே இறங்கும் மேடையில் ஒரு பாட்டி படகை விட்டு எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டார். முன்னால் போன படகு ஒதுங்காமல் அடுத்ததை உச்சியிலிருந்து விடக்கூடாது, அதனால் மெஷின் தானாக நின்றது. படகு பின்னால் உருளாமல் பிடிக்கப் பல் ஒன்று இருக்கும், சில இடங்களில் ஏறும்போது டக் டக் என்று கேட்பது அதுதான். நின்றால் நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்து மட்டும் நிற்காதீர்கள்.

சரி, வட்டப் படகு. இது கட்டைப் படகுக்குத் தம்பி, ஆனால் குணம் வேறு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தோணிப் போட்டிக்காக ஆக்ஸ்பர்க் நகரத்தில் பொங்கிப் பாயும் செயற்கை ஆறு ஒன்றை அமைத்தார்கள். அதைப் பார்த்துப் பிறந்த யோசனை, 1980-இல் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்டு பூங்காவில் தண்டர் ரிவர் என்ற பெயரில் இன்டமின் நிறுவனம் கட்டிய சவாரியானது. சுற்றிலும் ரப்பர் வளையம் வைத்த படகில் ஆறேழு பேர் முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்வார்கள். அகலமான வாய்க்காலில் தண்ணீர் தடுப்புகளில் மோதிக் கொந்தளிக்கும். படகைப் பிடித்து நடத்த எந்தச் சக்கரமும் இல்லை, சுவரில் மோதும், சுற்றும், மறுபடி மோதும். யார் நனைவார் என்பது லாட்டரி மாதிரி. எதிரே உட்கார்ந்திருக்கும் சம்பந்தி முழுக்க நனைந்து நீங்கள் ஒரு சொட்டும் படாமல் இறங்கலாம். குடும்பத்தில் பழைய மனஸ்தாபம் ஏதாவது இருந்தால் தீர்த்துக்கொள்ள நல்ல இடம்.

ஆனால் குலுக்கல் அதிகம். முதுகு வலி, கழுத்து வலி உள்ளவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பல பூங்காக்களில் இறங்கும் மேடை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், ஓடுகிற பேருந்தில் கால் வைப்பது போல ஏற இறங்க வேண்டும். மூட்டு மாற்றிய பெரியம்மாவை நினைத்துப் பாருங்கள்.

சறுக்குக் குழாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலிருந்து தண்ணீர் விடுகிறார்கள், வழுக்கிக்கொண்டு வருகிறோம். வேகம் நிறைய, சுகமும் நிறைய. ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: மேலே ஏற்றுவது யார்? உயரத்துக்கு எப்போதும் யாராவது விலை கொடுத்தாக வேண்டும். கட்டைப் படகில் மோட்டார் கொடுக்கிறது. வட்டப் படகில் பம்பு கொடுக்கிறது. சறுக்குக் குழாயில் பெரும்பாலும் உங்கள் முழங்கால்தான் கொடுக்கிறது. டியூப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஈரப் படியில், வெயிலில், நாலைந்து மாடி ஏறி, வரிசையில் நின்று, ஒரு நிமிடத்துக்குள் இறங்கி, மறுபடியும் ஏற வேண்டும். பதினாறு வயதில் அது ஒரு பொருட்டே இல்லை. நாற்பதில் மூன்றாவது தடவையோடு தீர்ந்துவிடும்.

உடை விஷயம் இன்னொன்று. தண்ணீர்ப் பூங்காக் குளங்களில் நைலான், லைக்ரா நீச்சல் உடை கேட்பார்கள், பருத்திச் சட்டையோடு விடமாட்டார்கள். சறுக்கில் ஏறும் முன் நகையைக் கழற்றச் சொல்வதும் பல இடங்களில் வழக்கம். போன தடவை ஒரு சித்தி, தாலியைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லி நாள் முழுக்கப் பையைக் காவல் காத்தார். அவர் சொன்னது தப்பில்லை, நாங்கள் இடம் பார்த்ததுதான் தப்பு. கட்டைப் படகுக்கு இந்தத் தொல்லை குறைவு. போட்ட துணியோடு ஏறலாம். சேலை முந்தானையை மட்டும் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும், காற்றில் பறக்கவிடக் கூடாது. சுடிதார் உத்தமம்.

பொருளாளரின் ஆற்றுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அங்கே உயரத்துக்கு மலையே விலை கொடுக்கிறது, நமக்குச் செலவில்லை. வெயில் காலத்தில் பெரியவர்கள் மட்டும் போனால் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் திடீரென்று இறங்கும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள். தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் அடித்து வந்தாலோ, கரைக்கு ஓட வேண்டும். பதினொரு சின்னப் பிள்ளைகளையும் நீந்தத் தெரிந்த நாலு பேரையும் வைத்துக்கொண்டு நான் அந்தப் பொறுப்பை ஏற்க மாட்டேன்.

இனி இடம். பக்கத்தில் இருப்பது தம்புன் லாஸ்ட் வேர்ல்டு, 2004-இல் திறந்தது. ஈப்போ தாண்டினால் வந்துவிடும், சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே அழகான இடம். அதன் பலம் சறுக்குகளும் இயற்கை வெந்நீர் ஊற்றும். பெரியவர்கள் காலை வெந்நீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். பயணம் குறைவு, காசு குறைவு. பையன்களுக்கும் தாத்தாக்களுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும், ஆனால் இருவரும் ஒன்றாக ஏறும் சவாரிக்காகப் போகிற இடம் அது இல்லை.

ஜொகூர் லெகோலேண்ட் 2012-இல் வந்தது. அங்கே டினோ ஐலண்ட் என்று டைனோசர் பொம்மைகளுக்கு நடுவே போய்ச் சரிவில் விழும் படகு இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கென்றே அளவெடுத்த இடம். ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து 550 கிலோமீட்டருக்கு மேல். ராத்தங்கல், ஓட்டல், சாப்பாடு என்று போனால் பொருளாளர் மயக்கம் போட்டு விழுவார். விட்டுவிடுவோம்.

மிச்சம் சன்வே லகூன். 1993-இல் திறந்தது. பழைய ஈய லம்பத்துப் பள்ளத்தில் கட்டியது என்பது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி, பாலோங் இருந்த மாதிரி மண்ணிலேயே பாலோங் மாதிரி ஒரு சவாரி. நயாகரா பெயரில் ஃப்ளூம், கிராண்ட் கேன்யன் பெயரில் வட்டப் படகு, வுவுசெலா என்ற ராட்சதப் புனல் வடிவச் சறுக்கு, எல்லாம் ஒரே வேலிக்குள். பேருந்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதிகாலை ஐந்துக்குக் கிளம்ப வேண்டும். டிக்கெட் தம்புனைவிடக் கனம்.

என் தேர்வு சன்வே லகூன்தான், காரணத்தையும் சொல்கிறேன். தம்புன் போனால் 44 பேரும் மூன்று நாலு கூட்டமாகப் பிரிந்து, சாயங்காலம் பேருந்தில்தான் மறுபடி சந்திப்போம். மோசமில்லை. ஆனால் தோட்டத்து லோரியில் போன காலத்தில் எல்லாரும் ஒரே குலுக்கலில் குலுங்கினோம். கட்டைப் படகில் ஒரு பாட்டி, ஒரு பேரன், ஒரு மருமகள், ஒரு வாலிபன், நாலு பேரும் ஒரே படகில் ஒரே நேரத்தில் கத்தலாம். முதல் ஒரு மணி நேரம் ஃப்ளூமில் ஏற முடிந்த எல்லாரும் ஏறிவிடுவோம். அப்புறம் பையன்கள் சறுக்குக்கு ஓடட்டும், பெண்பிள்ளைகள் வட்டப் படகுக்குப் போகட்டும், பெரியவர்கள் நிழலில் உட்காரட்டும். அறுபதைத் தாண்டியவர்கள் பாதிக்கு மேல் வரவில்லை என்றால் மட்டும் நான் தம்புனுக்குக் கை தூக்குவேன்.

பணம் கட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது. போன் போட்டு, நாம் போகும் தேதியில் ஃப்ளூம் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும். பம்பும் பெல்ட்டும் உள்ள எதுவும் பராமரிப்புக்கு நிற்கும், அது மில்லானாலும் பூங்காவானாலும். ஓடவில்லை என்றால் தேதியை மாற்றுவோம். உயர அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள், கடைசிப் பிள்ளை வரிசையில் நின்ற பிறகு அளவுகோலுக்குக் கீழே போனால் அழுகையை நிறுத்த முடியாது. இதய நோய் உள்ள இரண்டு பேரும், கர்ப்பமாக இருக்கும் மருமகளும் எதிலும் ஏற வேண்டாம், படம் எடுக்கட்டும். கைபேசிக்கு ஜிப் பை, ஆளுக்கு ஒரு மாற்று உடுப்பு, ஒரு துண்டு. மழை இடி வந்தால் திறந்தவெளிச் சவாரியை நிறுத்திவிடுவார்கள், அதனால் மதியத்துக்கு முன்னாலேயே முடித்துக்கொள்வோம்.

இதை மண்டபத்தில் வாசித்ததும் மூட்டு மாற்றிய பெரியம்மா ஒன்றே ஒன்று கேட்டார். "ஏய்யா, நான் முன்னால உக்காரணுமா, பின்னால உக்காரணுமா?" நடுவில் உட்காருங்கள் என்றேன், ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு பக்கமும் பிடிக்க ஆள் இருக்கும். முன் இருக்கை யாருக்கு என்பதைப் பிள்ளைகள் தனியாகக் கூடி முடிவு செய்துவிட்டார்கள். மூக்கு கனமாக இருந்தால் அலை பெரிதாக எழும் என்று படித்தவர்கள் அல்லவா, பொருளாளரைத்தான் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.